ஆகாய விமானம் செய்யப் புறப்பட்டவர்கள்



எங்கள் புங்குடுதீவுப் பாடசாலையில் ஏழாந் தரத்திற் கற்கும் சிறுவன் ஒருவன், தொலைவிலே பலாலியை நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானமொன்றைப் பார்த்தவண்ணம் முற்றத்தில் நின்றான். என்னைக் கண்டதும், "சேர், வள்ளத்தை ஓடாவியார் செய்கிறார். அதை ஆர் செய்யிறது?" என்று கேட்டான்.

எளிய வினாத்தான். ஆயினும் அதைக் கேட்டு நான் சற்றே திகைத்துப் போனேன். என்னுடைய தலைமுறை விமான ஓசையைக் கேட்டால் பதுங்குகுழியைத் தேடி ஓடிய தலைமுறை. அது எத்திசையிலிருந்து வருகின்றது, எவ்வளவு தாழ்வாக வருகின்றது என்பவற்றை ஓசையைக் கொண்டே அறிந்து வைத்திருந்தோம். அதனை யார் செய்தார்கள் என்று கேட்க எமக்குத் தோன்றியதில்லை. அச்சமின்றி அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கே அந்த வினா தோன்றுகிறது. "அதைக் கம்பனிகள் செய்கின்றன" என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இன்றைய பேச்சு.

தீவுப்பகுதியிற் பிறந்தவர்களுக்கு ஓடாவியின் தொழிலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அடிமரமாகிய ஏராவை நிறுத்தி, வங்குகளைப் பொருத்தி, பலகை பிணைத்து, கலப்பற்று அடித்து முடிக்கும் வரையில் அவர் கையில் வரைபடம் என்று ஒன்று இருப்பதில்லை. கண்ணே அவருக்கு அளவுகோல். தகப்பன் கற்பித்ததே நூல். இந்த முறையினாற் கட்டப்பட்ட கலங்கள் அற்பமானவையல்ல. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, எம்மவரான மாலுமிகளுடன் கடல்களைக் கடந்து, 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

ஆனால் ஆகாய விமானம் ஓடாவியின் முறைக்கு அடங்காது. கடலிலே ஒரு பலகை இளகினால் நீரை இறைத்துக்கொண்டு கரை சேரலாம். ஆகாயத்திலே அந்த வசதி இல்லை. ஒவ்வோர் ஆணியும் ஒரே அளவினதாய், ஒவ்வொரு தகடும் ஒரே கனத்தினதாய் இருத்தல் வேண்டும். ஒருவன் செய்த இறக்கை, அவனை ஒருபோதும் கண்டிராத இன்னொருவன் செய்த உடலோடு பிசகாமற் பொருந்த வேண்டும். ஆதலால் அங்கே கண்ணின் இடத்தை வரைபடமும், தகப்பனின் இடத்தை ஒரு நிறுவனமும் எடுத்துக்கொள்கின்றன. அத்தகைய நிறுவனத்தை மேலைத்தேயத்தார் முதலில் அமைத்ததிற் புதுமையில்லை. ஆளப்பட்ட ஒரு நாட்டிலே, யுத்தத்தின் நடுவிலே, ஒருவர் அதனை அமைக்கப் புறப்பட்டதுதான் வியப்புக்குரியது. நமக்கு மிக அண்மையில், பெங்களூரிலே அது நிகழ்ந்தது.

வால்சந்த் ஹிராச்சந்த் என்பவர் 1882 இல் சோலாப்பூரிற் பிறந்தவர், சமண சமயத்தவர், கட்டட ஒப்பந்தங்களாற் பொருள் ஈட்டியவர். அவருடைய பெயரை முதலில் நாடறியச் செய்தது விமானமன்று, கப்பல். இவ்விடத்தில் நம் தூத்துக்குடியை நினைவுகூராமல் இருக்க முடியாது. வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டதும், 1908 இல் அவர் சிறைப்படுத்தப்பட்டதும், 1911 அளவிற் கம்பனி கலைந்து போனதும் நேயர்கள் அறிந்தவையே. வால்சந்தும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய சிந்தியாக் கம்பனியின் 'லோயல்டி' என்னும் கப்பல் 1919 ஏப்ரில் 5 ஆம் திகதி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. வ. உ. சி.யின் கம்பனியைப் போல இது நசிந்து போகவில்லை. பிரித்தானியக் கப்பற் கம்பனிகளின் கட்டணப் போட்டியைத் தாங்கிப் பல பத்தாண்டுகள் நிலைத்தது. பிறர் செய்த கப்பலை வாங்கி ஓட்டினால் மட்டும் போதாது, கப்பலையும் இங்கேயே கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவரை விசாகப்பட்டினத்துக்கு இட்டுச் சென்றது. அங்கே கப்பல்கட்டுந் தளத்துக்கு 1941 ஜூனில் இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். மோட்டார் வண்டி செய்யும் ஆசையும் அவருக்கு இருந்தது. அந்த ஆசையின் பொருட்டு அமெரிக்கா சென்று திரும்பும் வழியிலேதான் விமானம் குறுக்கிட்டது.

1939 ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஐரோப்பாவிலே மகாயுத்தம் மூண்டுவிட்டது. பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கும் பறக்கும் படகு ஒன்றிலே வால்சந்துடன் வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரும் பிரயாணஞ் செய்தார். பாலி சீன அரசுக்காக விமானத் தொழிற்சாலை நடத்தியவர். பர்மா எல்லையை அடுத்த லோய்விங் என்னும் ஊரில் அவருடைய தொழிற்சாலை இருந்தது. அங்கே அமெரிக்காவிலிருந்து பாகங்களை வருவித்துச் சீனத் தொழிலாளரைக் கொண்டு விமானங்களைப் பொருத்தினார். சீனத்திலே குண்டுமாரிக்கு நடுவே இது கைகூடுமாயின் இந்தியாவில் ஏன் கைகூடாது? இந்த வினாவுடன் வால்சந்த் நாடு திரும்பினார். நீண்ட பிரயாணத்திற் கிடைக்கும் பேச்சுத்துணையை நாம் பெரும்பாலும் ஊர்ப்புதினங்களிற் செலவழித்து விடுகிறோம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அரசாங்கம் எளிதில் இணங்கவில்லை. இந்தியர் விமானம் செய்வது என்பதே அக்காலத்து அதிகாரிகள் பலருக்கு நகைப்புக்குரியதாக இருந்தது. ஆனால் 1940 இல் பிரான்ஸ் வீழ்ந்து, பிரித்தானியா தன் விமானங்கள் அனைத்தையும் தன் வாயிலிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தபோது, கீழ்த்திசையைக் காப்பதற்கு இங்கேயே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கவலை பிறந்தது. அனுமதியும் பிறந்தது.

எங்கே அமைப்பது? கைகொடுத்தது மைசூர். அதன் திவான் சேர் மிர்சா இஸ்மாயில் தொழில் வளர்ச்சியிற் பெருவிருப்புக் கொண்டவர். சமஸ்தானம் ஏறத்தாழ 700 ஏக்கர் நிலத்தை வழங்கியதோடு பங்கு மூலதனமும் இட்டது. பெங்களூரின் தகுதிகள் வேறும் இருந்தன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீற்றர் உயரத்தில், அதிக வெப்பமும் அதிகக் குளிரும் அற்ற காலநிலை. 1905 முதல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம். பத்திராவதியில் இரும்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1909 இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகம். கற்றவர்களும் கருவிகளும் ஓரிடத்தில் இருந்தமையே பெங்களூரின் பெரும்பேறு என்று நான் கருதுகிறேன். நிலமும் மின்சாரமும் வேறிடங்களிலும் கிடைத்திருக்கும்.

1940 டிசெம்பர் 23 ஆம் திகதி 'இந்துஸ்தான் ஏர்கிராப்ட் லிமிட்டட்' என்னும் கம்பனி பதிவு செய்யப்பட்டது. அதன் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 4 கோடி ரூபா. இயந்திரங்களும் அமெரிக்க நிபுணர்களும் பாலியின் வழியாக வந்தார்கள். 1941 மார்ச்சில் இந்திய அரசும் ஒரு பங்காளியாகச் சேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே, அதாவது கம்பனி பிறந்து எட்டே மாதங்களில், 'ஹார்லோ' என்னும் பயிற்சி விமானம் ஒன்று அங்கிருந்து ஆகாயத்தில் எழுந்தது.

இதனைக் கேட்டு உடனே கைதட்டிவிடலாகாது. அந்த ஹார்லோ அமெரிக்காவிற் செய்யப்பட்டுப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டது. பெங்களூரிற் செய்தது பொருத்துதல் மாத்திரமே. 1942 ஜூலையிற் பறந்த 'ஹோக்' என்னும் போர்விமானமும் அவ்வாறானதே. பொருத்துவது வேறு, செய்வது வேறு. ஓடாவி கட்டிய வள்ளத்துக்கு வர்ணம் பூசியவன் தன்னை ஓடாவி என்று சொல்லிக்கொள்ள முடியாது. இந்த வேறுபாட்டை முதன்முதலில் உணர்ந்தவர்கள் அந்தத் தொழிற்சாலையிலே இருந்தவர்கள்தாம். ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரான்டிலிடம் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்ற விஷ்ணு மாதவ் காட்கே என்னும் இளைஞர், பத்துப்பேர் அமரக்கூடிய, எஞ்சின் இல்லாத ஒரு சறுக்கு விமானத்தை அந்த யுத்த காலத்திலேயே வரைந்தார். அது செய்யப்பட்டுப் பறக்கவும் விடப்பட்டது. பெருந்தொகையாகச் செய்யும்படி கட்டளை எதுவும் வரவில்லை. ஆயினும், இவ்விடத்து வரைபலகையிற் பிறந்து இவ்விடத்துக் கைகளால் உருவான முதல் வானூர்தி அதுவே. எண்ணிக்கையில் ஒன்றுதான்; சரித்திரத்தில் அந்த ஒன்றுக்கு ஹார்லோக்கள் அனைத்தையும்விடப் பெரிய இடத்தை நான் கொடுப்பேன்.

இனி 1942 ஏப்ரிலுக்கு வருவோம். நம் நாட்டவர் மறக்கவியலாத மாதம் அது. ஏப்ரில் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து எழுந்த 'கற்றலினா' என்னும் பறக்கும் படகு, யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சல் என்னும் கனேடியர் சிறைப்பிடிக்கப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறு, கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 6 ஆம் திகதி விசாகப்பட்டினம். 9 ஆம் திகதி திருகோணமலை.

இந்த ஒரு வாரம் பெங்களூர்த் தொழிற்சாலையின் தலையெழுத்தையும் மாற்றியது. புதிய விமானம் செய்ய ஆற அமர இருந்து வேலை பழக்கும் காலம் போய்விட்டது. உள்ள விமானங்களைப் பழுதுபார்த்துப் போர்முனைக்கு அனுப்புவதே அவசரம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. தொழிற்சாலையே எதிரியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற அச்சமும் இருந்தது. வால்சந்தின் பங்குகளை அரசு விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. மைசூர் அரசு தன் பங்கை விடவில்லை. எனினும் யுத்தம் முடியும்வரை நிருவாகத்திலிருந்து ஒதுங்கி நின்றது. கம்பனியைக் கனவுகண்டு தொடங்கியவர் பதினாறு மாதங்களில் அதற்கு அயலவரானார். பணம் கிடைத்தது உண்மை. ஆனால் வள்ளத்தை ஏரா வைத்த நாளிலிருந்து பார்த்து வந்தவனிடம், வெள்ளோட்டத்துக்கு முன்னரே விலை பேசி வாங்கிக்கொண்டு போனால் அவன் மனம் எப்படி இருக்கும் என்பதைக் கரையோரத்தவர் அறிவர். வால்சந்த் 1953 இற் காலமானார். அவர் தொடங்கிய விசாகப்பட்டினக் கப்பற்றளமும் அவர் மறைவதற்கு முன்னரே அரசின் வசமாகத் தொடங்கிவிட்டது. எதனையும் தொடங்கி வைத்துப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுப் போவதே அவருடைய விதியாயிற்று.

1943 இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் விடப்பட்டது. அதன் பின்னர் அங்கே புதிய விமானம் பிறக்கவில்லை. ஆயினும் அந்த இரண்டு ஆண்டுகளை வீண் என்று தள்ளுவோருடன் நான் உடன்படேன். டக்கோட்டா, மிற்சல், லிபரேட்டர் என்று பல வகை விமானங்கள் காயப்பட்டு வந்து குணமாகித் திரும்பின. கொக்கலையிலே நாம் கண்ட கற்றலினா வகைப் பறக்கும் படகுகளும் வந்தன. நீரில் மாத்திரம் இறங்கக்கூடிய படகு, கடலே இல்லாத பெங்களூருக்கு வந்தது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். தொழிற்சாலைக்கு அண்மையிலிருந்த பெல்லந்தூர் ஏரியிலே அவற்றை இறக்கிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கர்நாடகத்து உழவர்கள் பாசனத்துக்கு வைத்திருந்த குளம் யுத்தத் துறைமுகமாயிற்று!

பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள். ஏர்பிடித்த கையும் தறி நெய்த கையும் நுண்ணளவுக் கருவிகளைப் பிடிக்கப் பழகின. விமானத்தைச் செய்தவன் ஒரு பாகத்தை மாத்திரம் அறிவான். உடைந்த விமானத்தை முழுவதும் பிரித்து, எது தேய்ந்தது, எது வெடித்தது, ஏன் வெடித்தது என்று ஆராய்ந்து, மீண்டும் கூட்டிப் பறக்க வைப்பவன் அதன் உள்ளும் புறமும் அறிவான். பழுதுபார்ப்பதைத் தாழ்ந்த தொழிலாக எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெங்களூரின் கதை அதற்கு நல்ல மறுமொழி.

1945 இல் யுத்தம் ஓய்ந்தது. அமெரிக்கர் சென்றார்கள், வேலையும் அவர்களுடன் சென்றது. பயிற்றப்பட்ட ஆயிரக்கணக்கான கைகளுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவற்றைக் கலைத்துவிட்டால் மீண்டும் திரட்ட ஒரு தலைமுறை செல்லும். அப்பொழுது நிருவாகத்தார் எடுத்த முடிவு பலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம்: விமானத் தொழிற்சாலையில் புகையிரதப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார்கள். பஸ் வண்டிகளுக்குக் கூண்டும் கட்டினார்கள். ஆகாயத்துக்கு ஆசைப்பட்டவர்கள் தண்டவாளத்தில் வந்து நின்றார்கள் என்று நகைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தகடு வளைக்கும் கையும், ஆணி இறுக்கும் கையும், வரைபடம் படிக்கும் கண்ணும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தன. கூலியும் கிடைத்தது. உலோகத்தாலான பெட்டிகள் இந்தியப் புகையிரதப் பாதைகளில் ஓடின. 1964 இல் அந்தப் பிரிவுக்கென்றே 'பாரத் ஏர்த் மூவர்ஸ்' என்னும் தனிக் கம்பனி பிறக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

இதே காலத்தில் நடந்த இன்னொரு செயலைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். யுத்தத்தின்போது அமெரிக்கா இரவற்குத்தகை முறையில் நேசநாடுகளுக்குத் தளவாடங்களைக் கொடுத்திருந்தது. யுத்தம் முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது உபயோகமற்றவையாக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரித்தானிய விமானப்படையிடமிருந்த பெரிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களாகிய லிபரேட்டர்கள் கான்பூரிலே கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, மீண்டும் பறக்கலாகாது என்பதற்காகச் சிதைக்கப்பட்டன. எஞ்சின்களுள்ளே மணல் போடப்பட்டது. கருவிகள் அடித்து நொறுக்கப்பட்டன. அதன் பின்னர் அவை வெயிலிலும் மழையிலும் கிடந்தன.

சுதந்திரம் பெற்ற இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் இல்லை. பெங்களூரிலிருந்து தொழில்வல்லோர் கான்பூருக்குச் சென்றார்கள். ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் வைத்து, மணலை அகற்றி, பெங்களூர் வரை பறக்கப் போதுமான அளவுக்கு ஒவ்வொன்றையும் ஒட்டுப்போட்டார்கள். அவற்றை ஓட்டிச் செல்ல ஒருவர் வேண்டுமே! கம்பனியின் சோதனை விமானியாகிய ஜம்ஷெட் முன்ஷி அதுவரை லிபரேட்டரை ஓட்டியவரல்லர். கைந்நூலைப் படித்து அறிந்துகொண்டு ஏறி அமர்ந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் இவ்வாறு பெங்களூர் வந்து சேர்ந்து, அங்கே முறையாகப் புதுப்பிக்கப்பட்டன. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5 ஆவது அணி அவற்றைக் கொண்டு அமைக்கப்பட்டது. சிதைத்து எறியப்பட்டவை 1968 வரையில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சேவை செய்தன. ஏனைய நாடுகளில் லிபரேட்டர் மறைந்துபோன பின்னர், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமுள்ள நூதனசாலைகள் தங்களுக்கு ஒன்று வேண்டுமென்று இந்தியாவிடம் பெற்றுச் சென்றன. மணல் போட்டவர்களின் நாட்டு நூதனசாலையிலே, மணல் நீக்கப்பட்ட விமானம் இன்று காட்சிக்கு நிற்கிறது.

கைகள் கலைந்து போகாமையின் பயன் 1951 ஓகஸ்டில் வெளிப்பட்டது. காட்கே தலைமையில் வரையப்பட்ட எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் அம்மாதத்தில் முதன்முறையாகப் பறந்தது. அதனை ஓட்டியவரும் முன்ஷியே. ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரும் சிறிய விமானம், முழுவதும் உலோகம். பெருந்தொகையாகச் செய்யப்பட்ட, இந்தியர் வரைந்த முதல் விமானம் இதுவே. தலைமுறை தலைமுறையாக இந்திய விமானிகள் இதிலேதான் பறக்கப் பழகினார்கள். ஆபிரிக்காவிலே புதிதாகச் சுதந்திரம் பெற்ற கானா நாடும் தன் விமானப்படையைத் தொடங்கியபோது இதனை வாங்கியது. இவ்வளவு பெருமையும் பேசிய பின்னர் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: அதன் எஞ்சின் பிரித்தானியாவிலிருந்து வந்தது. இந்தச் சிறு குறிப்பை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில், சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் கற்ற தமிழ் இளைஞர் ஒருவர் இத்தொழிற்சாலைக்குப் பயிலுநராக வந்து எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பகுதியில் வேலை பழகினார். பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமேசுவரத்திலே பிறந்தவர். அவருடைய தந்தையார் யாத்திரிகரை ஏற்றிச் செல்வதற்காகத் தம் கையாலேயே மரப்படகு கட்டியவர். அந்தப் படகு புயலொன்றில் அழிந்தது. படகு உருவாவதைப் பார்த்து வளர்ந்த அச்சிறுவனே பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவரான அப்துல் கலாம். ஓடாவியையும் விமானத்தையும் ஒரே மூச்சிற் கேட்ட என் மாணவனுக்கு இந்தச் செய்தியைத்தான் முதலில் சொன்னேன்.

1956 இல் கூர்ட் டாங் என்னும் ஜேர்மானிய நிபுணர் தம் குழுவினருடன் பெங்களூர் வந்தார். யுத்த காலத்தில் ஜேர்மனியின் புகழ்பெற்ற போர்விமானம் ஒன்றை வரைந்தவர். ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்திற் செல்லும் தாரை விமானத்தை இந்தியரோடு சேர்ந்து ஆக்குவது அவர் ஏற்ற பணி. முதலிலே முழு அளவில் மரத்தாலேயே ஒரு மாதிரி செய்யப்பட்டு, 1959 இல் டக்கோட்டா ஒன்றின் பின்னே கட்டி இழுத்துப் பறக்கவிடப்பட்டது. தச்சருக்கு அங்கேயும் இடம் இருந்தது பாருங்கள். 1961 ஜூன் 17 ஆம் திகதி விங் கொமாண்டர் சுரஞ்சன் தாஸ் உண்மையான விமானத்தைப் பறக்கவைத்தார். அதற்கு 'மாருத்' என்று பெயரிட்டார்கள். ஆசியாவிலே, சோவியத் நாட்டுக்கு வெளியே, இவ்வகையான தாரைப் போர்விமானத்தை வடிவமைத்துப் பெருந்தொகையாகச் செய்யத் துணிந்தவர்கள் அந்நாளில் மிகச் சிலரே.

உடல் அழகாக அமைந்தது. அதற்கேற்ற உயிர் கிடைக்கவில்லை. மாருத்துக்கு வேண்டியிருந்த வலுக்கூடிய எஞ்சினைப் பிரித்தானியக் கம்பனியொன்று உருவாக்கிக்கொண்டிருந்தது. தன் நாட்டுக்கு அது தேவையில்லை என்றானதும், மீதிச் செலவை இந்தியா தர வேண்டுமெனக் கேட்டது. இந்தியா இணங்கவில்லை. பின்னர் எகிப்துடன் கூடி வேறோர் எஞ்சினுக்கு முயன்றார்கள். 1967 ஆம் ஆண்டு மத்தியகிழக்கு யுத்தத்துக்குப் பின் அதுவும் கைநழுவியது. இறுதியில், வலுக்குறைந்த எஞ்சின் இரண்டை வைத்தே 147 மாருத்துகள் செய்யப்பட்டன. அவை 1971 டிசெம்பர் யுத்தத்திற் பங்கேற்றன. 1990 இல் ஓய்வுபெற்றன. ஒலியின் இருமடங்கு வேகத்தை அவை ஒருநாளும் கண்டதில்லை. வலுவைக் கூட்டுவதற்காக மாற்றியமைத்த மாருத் ஒன்றைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 ஆம் திகதி, பெங்களூர் ஓடுபாதையிலிருந்து எழுந்த சிறிது நேரத்திலேயே சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். தொழிற்சாலையை அடுத்த வீதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அன்று செலவுக்கணக்குப் பார்த்தவர்களைக் குறைகூறுவது இன்று எளிது. பஞ்சமும் இரண்டு யுத்தங்களும் கண்ட நாட்டின் கஜானாவை அவர்கள் காத்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் அன்று மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பன்மடங்கு பின்னர் செலவாயிற்று என்பதே என் எண்ணம்.

இனி வேகமாகச் செல்வோம். 1964 ஒக்டோபர் 1 ஆம் திகதி, சோவியத் மிக் விமானங்களைச் செய்வதற்கென அமைந்த மற்றொரு கம்பனியுடன் இது இணைந்து 'இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் லிமிட்டட்' ஆயிற்று. அதன்பின் அந்நியரின் உரிமம் பெற்றுச் செய்த விமானங்கள் பல; மிக் மாத்திரமே பல நூறு. உரிமத்தால் வேலை கிடைத்தது, பழக்கம் கிடைத்தது. ஆனால் ஆயத்தமான வரைபடம் கப்பலில் வந்து இறங்கும்போது வெற்றுத்தாளின் முன் உட்கார யாருக்கு மனம் வரும்? காட்கேயின் காலத்து வேட்கை தணிந்துபோனதாகவே தோன்றுகிறது. கிரண் என்னும் பயிற்சி விமானம் 1964 இலும், துருவ் என்னும் உலங்குவானூர்தி 1992 இலும், தேஜஸ் என்னும் இலகு போர்விமானம் 2001 ஜனவரி 4 ஆம் திகதியும் முதன்முறை பறந்தன. மாருத்துக்கும் தேஜஸுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! மாருத்தை வரைந்த கைகள் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டன. பலவற்றைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டியதாயிற்று. தேஜஸைக் கொண்ட முதல் அணி 2016 இல் அமைக்கப்பட்டுப் பின்னர் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் நிலைகொண்டது.

2021 பெப்ரவரியில் மேலும் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2024 இலே கையளிப்புத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சிலேயே வழங்கப்பட்டது. 1951 இல் எச்.டி.-2 இன் மூக்கிலே இருந்த அதே குறை. 'காவேரி' என்ற பெயரிலே சொந்த எஞ்சின் ஒன்றை ஆக்கும் முயற்சி 1980-களின் இறுதியில் தொடங்கியது. ஆனால் தேஜஸுக்கு வேண்டிய வலுவை அது எட்டவில்லை.

இதனைக் கேட்ட என் மாணவன் விடவில்லை. "உடம்பைச் செய்கிறவைக்கு ஏன் சேர் எஞ்சின் செய்ய ஏலாது?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தான். நான் கலைப்பட்டதாரி, எனக்குத் தெரிந்த அளவிற் சொன்னேன். தாரை எஞ்சினுள்ளே கைவிரலளவான அலகுகள் பல உண்டு. அவற்றின்மேல் மோதும் வாயுவின் வெப்பம், அவை செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தையும் விஞ்சியது. அந்த நெருப்பிலே அவை நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல வேண்டும். ஆகையால் ஒவ்வோர் அலகையும் ஒரே பளிங்காக வளரும்படி வார்த்து, உள்ளே மயிரிழை போன்ற துளைகள் விட்டு, குளிர்ந்த காற்றை அவற்றினூடே ஓட்டுகிறார்கள். அதனை வார்க்கும் இரகசியம் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடமே இருக்கிறது. வரைபடத்தை விற்பவர்கள்கூட அதனை விற்பதில்லை.

சிறுவன் சிறிது நேரம் யோசித்தான். சென்னையிலிருந்து 2019 நவம்பரிற் பலாலிக்கு வந்திறங்கிய விமானம் பிரான்சின் துலூஸ் நகரிலே பொருத்தப்படும் வகையைச் சேர்ந்தது என்றும், 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதற் பயணமாக இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த டக்கோட்டா அமெரிக்காவிற் செய்யப்பட்டது என்றும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எங்கட வள்ளத்தை ஓடாவியார்தான் கட்டினவர். ஆனால் பின்னாலை பூட்டியிருக்கிற எஞ்சின் யப்பான்காரன்ரை சேர்" என்றான்.

அவனுடைய தகப்பனார் கடற்றொழிலாளி. குறிகட்டுவான் பக்கத்தில் வள்ளம் வைத்திருக்கிறார். பழுதாகி ஒதுக்கப்பட்ட வெளியிணைப்பு எஞ்சின் ஒன்று அவர்களுடைய வீட்டுக் கோடியிற் கிடக்கிறதாம். அதனைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். தகப்பனார் சம்மதித்தால் அடுத்த தவணையில் அதற்கென ஒரு மேசையை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.